சும்மா நிற்கும் சத்தம்

கேள்விகள் முடிந்து கமராவை மூடிய பிறகு
நான் கையை உயர்த்துவேன்:
"ஒரு நிமிசம், ஒருத்தரும் அசையாதீங்க."
பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில்
தையல் தெரியாமல் நிரப்ப
அந்தந்த இடத்தின் சும்மா சத்தம் வேண்டும்.
அதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

ஆவணப்படம் என்று வந்தால் எதுவும் படம்தான்.
அம்பாறைக் குப்பை மேட்டுக்கு இறங்கும் யானைகள்,
வாழைச்சேனையில் துருப்பிடித்த இரும்பு,
இறால் தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய்,
பாலமீன்மடுவில் மீன்வாடிக்குக் கணக்கெழுதும் பெண்.
ஆறு வருசம். ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய
யாரும் பேசாத நிமிடங்கள்.

குப்பை மேட்டின் அமைதியில்
ஷொப்பிங் பை ஒன்று விடாமல் படபடக்கும்.
பால்சேனையில் தங்கராசியக்கா
துணிக் கவ்வியைப் பல்லில் கடித்தபடி நின்றா;
பின்னால் கடல்,
சீராக, அழகாக,
எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி.

சம்மாந்துறை நெல் ஆலையில் மெசினை நிறுத்தினோம்.
அதை ஓட்டும் ஆதம்பாவா காக்கா
நான் கை உயர்த்தியதும்
தொப்பியைச் சரிசெய்து தலை குனிந்தார்.
மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்டார்.
ஆருக்கென்று கேட்கவில்லை.
இந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்பதில்லை.
நானும் திருத்தவில்லை, மைக் திறந்திருந்தது.
உதடு அசைந்தது.
ஹெட்போனுக்குள்
உமி உதிர்வதுபோல ஒரு முணுமுணுப்பு.

அந்த நிமிடத்துக்குப் "பழுது" என்று பெயர் வைத்தேன்.
எடிட்டிங்கில் பால்சேனையை எடுத்துக் கொடுத்தேன்,
மெதுவாக, ஒருவருக்கும் கேட்காத அளவில்.

கலாசார மண்டபத்தில் திரையிட்ட இரவு
மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன்.
வேர்வையோடு நல்ல சனம்.
திரையில் தங்கள் வாப்பாமாரைக் கண்ட பிள்ளைகள்
பெயர் சொல்லிக் கத்தினார்கள்.
முடிந்ததும் கேள்வி நேரம்.
நெல் விலை பற்றிக் கேட்பார்கள் என்று
டைரக்டர் சிவானுஜன் குறிப்புகளோடு நின்றான்.
ஆதம்பாவா காக்கா எழுந்தார்:
"எல்லாம் சரி மகன்,
நம்மட மில்லுக்குள்ள எப்ப கடல் வந்த?"

சிரிப்பு தொடங்கியது.
பின்வரிசையை எட்டுமுன் நின்றுபோனது.

"நான் மருதமுனையான்.
கடல் கேளாத இடம் எங்க இரிக்கெண்டு தேடித்தான்
இந்த மெசினுக்குப் பக்கத்தில வந்து நிண்ட."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இருந்தார்.
சிவானுஜன் என்னைப் பார்த்தான்.
நான் சுற்றி முடித்த வயரை
மறுகா அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வெளியே பிளேன்டீ கொடுத்தார்கள்.
எனக்குக் கோப்பையை நீட்டியது அவரேதான்.
சீனி காணுமா என்று கேட்டார்.
ஓம் என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

படம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது,
ஏதோ ஒரு குளிர் ஊரின் விழாவுக்கு.
அங்கே எங்கள் நெல் ஆலையில்
இன்னும் கடல் அடிக்கும்.
நல்ல ஒலி என்று யாராவது எழுதுவார்கள்.

இன்றிரவு கல்லடியில் ஜன்னலைச் சாத்தி,
சாத்தியும் கேட்கிற அலைக்கு மேல் ஹெட்போனை மாட்டி,
"பழுது" திறந்தேன்.
பத்தாவது விநாடியில் பெல்ட் ஒன்று தளர்ந்து சொடுக்கும்.
நாற்பத்தொன்றில் முற்றத்துக் கோழி.
இடையெல்லாம் அவர்.
ஓதினாரா, பெயர்கள் சொன்னாரா,
எத்தனை பெயர்கள்?
சத்தத்தைக் கூட்டினால் தூசியும் கூடுகிறது.

ஐம்பத்தெட்டில் ஒரு பெண் குரல்:
"சரி, காணும்."
என் குரல்.
இரண்டு விநாடி முந்திவிட்டேன்.
அவர் முடிக்கவில்லை.